ஐக்கிடோ: ஓர் ஆசான், பல வழிகள்

ஐக்கிடோ கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவர் நான்கு பயிற்சிக் கூடங்களுக்குச் சென்று பார்த்தால் குழம்பித்தான் போவார். முதல் கூடத்தில் மாணவர்கள் படைவீரர்களைப் போல வரிசையாக நின்று, ஆசிரியர் எண்ண எண்ண ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பார்கள். இரண்டாவதில் ஒருவர் போலிக் கத்தியுடன் பாய்வார்; மற்றவர் அதைத் தடுத்துப் புள்ளி பெறுவார். மூன்றாவதில் மூச்சுப் பயிற்சியும் மன ஒருமைப்பாடும் நடக்கும். நான்காவதில் மரவாளும் கம்பும் சுழலும். ஆனால், நான்கு கூடங்களின் வாசலிலும் ஐக்கிடோ என்ற ஒரே பெயர்தான் இருக்கும்.

இவற்றில் எது உண்மையான ஐக்கிடோ? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால், ஓர் ஆசானுக்கும் அவருடைய சீடர்களுக்கும் இடையில் நடந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

விலகி வந்த சீடர்

ஐக்கிடோவைத் தோற்றுவித்தவர் மொரிஹேய் உயேஷிபா. 1883-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி ஜப்பானின் வக்கயாமா மாவட்டத்தில் உள்ள தனாபே ஊரில் பிறந்தவர். 1912-ல் குடியேறிகள் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கி, வடக்கே ஹொக்காய்டோ தீவின் காட்டு நிலத்தைத் திருத்தச் சென்றார். அங்கே 1915-ல் சோக்காக்கு தகேடா என்ற ஆசானைச் சந்தித்தார். எதிராளியின் மணிக்கட்டையும் முழங்கையையும் மடக்கி வீழ்த்தும் 'டைட்டோ ரியூ' என்னும் பழைய கலையில் வல்லவர் தகேடா. இன்றைய ஐக்கிடோவின் பெரும்பாலான பிடிகள் அந்தக் கலையிலிருந்து வந்தவையே.

1919-ல் தந்தை நோயுற்ற செய்தி கேட்டு உயேஷிபா ஊருக்குப் புறப்பட்டார். ஹொக்காய்டோவில் இருந்த தம் வீட்டை ஆசானுக்கே கொடுத்துவிட்டார். வழியில் அயாபே நகரில் ஒமோத்தோ என்ற சமய இயக்கத்தின் தலைவர் ஒனிசாபுரோ தெகுச்சியைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவர் மனத்தையே திருப்பிவிட்டது. எதிரியை அழிப்பது வீரமல்ல, மோதலைத் தணிப்பதே வீரம் என்ற எண்ணம் அவருக்குள் மெல்ல வளர்ந்தது.

தகேடாவுடன் இருந்த உறவு நாளடைவில் கசந்தது. 1936-ல் ஓசாகாவில் உயேஷிபா கற்பித்து வந்த இடத்திற்கு முதிய ஆசான் முன்னறிவிப்பின்றி வந்தபோது, சீடர் அவரைச் சந்திக்காமலேயே தோக்கியோவுக்குத் திரும்பிவிட்டதாக அங்கே பயின்றவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆசானைவிட்டு விலகிய அந்தச் சீடரைவிட்டு, பிற்காலத்தில் அவருடைய சீடர்களும் விலகினார்கள்.

போருக்கு முன்: கடுமையின் காலம்

1931-ல் தோக்கியோவில் 'கோபுக்கான்' என்ற பயிற்சிக் கூடத்தை உயேஷிபா திறந்தார். பயிற்சி அவ்வளவு கடுமையாக இருந்ததால் மக்கள் அதை 'நரகக் கூடம்' என்றே அழைத்தார்கள். 1932-ல் அங்கே வந்து சேர்ந்தவர் கோசோ ஷியோடா. ஐந்தடி உயரமே கொண்ட மெலிந்த இளைஞர். ஜூடோ தெரிந்த தைரியத்தில் ஆசானைத் தாக்க முயன்று, கண்ணிமைக்கும் நேரத்தில் தரையில் விழுந்தார். அன்றே சீடரானார்.

போர்க்காலத்தில் சீனா, தைவான், போர்னியோ என்று பல இடங்களில் பணியாற்றிய ஷியோடா, 1946-ல் நாடு திரும்பியபோது ஜப்பான் சிதைந்து கிடந்தது. 1955-ல் அவர் 'யோஷின்கான்' என்ற தம்முடைய கூடத்தை நிறுவினார். அவர் கற்றது போருக்கு முந்திய கூர்மையான ஐக்கிடோ. அதைப் பெரும் கூட்டத்திற்குக் கற்பிக்க வேண்டுமே! ஆகவே, நிற்கும் முறை, திரும்பும் முறை, எடை மாற்றும் முறை எல்லாவற்றையும் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து வரிசைப்படுத்தினார். தோக்கியோவின் கலகத் தடுப்பு போலீசார் இன்றளவும் தேடிப்போவது இந்த வழியைத்தான்.

போட்டி வேண்டுமா, வேண்டாமா?

இன்னொரு சீடர் கென்ஜி தோமிக்கி. ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவின் மாணவரான இவர், 1926-ல் உயேஷிபாவிடம் வந்தார். 1940-ல் உயேஷிபாவிடமிருந்து 8-ஆவது டான் பெற்ற முதல் சீடர் இவர்தான். போர் முடிந்ததும் சோவியத் சிறையில் சில ஆண்டுகள் கழித்து, பின்னர் வசேதா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

தோமிக்கி எதையும் ஆராய்ந்து பார்க்கும் அறிஞர். எதிர்ப்புக் காட்டாத தோழனுடன் மட்டுமே பழகினால், கற்ற கலை உண்மையில் பயன்படுமா என்று எப்படித் தெரியும்? இதுதான் அவர் எழுப்பிய கேள்வி. ஜூடோவில் போட்டி இருப்பதைப் போல ஐக்கிடோவிலும் போட்டி வேண்டும் என்றார். போலிக் கத்தியுடன் ஒருவர் தாக்க, வெறுங்கையுடன் மற்றவர் எதிர்கொள்ளும் முறை இப்படித்தான் பிறந்தது.

உயேஷிபாவோ போட்டியை அறவே ஏற்காதவர். வெற்றி தோல்வி என்று வந்துவிட்டால் மோதலைத் தணிக்கும் நோக்கமே பாழாகிவிடும் என்பது அவர் தரப்பு. ஐக்கிடோ என்ற பெயரையாவது விட்டுவிடும்படி தலைமையகம் தோமிக்கியைக் கேட்டுக்கொண்டது. அவர் இணங்கவில்லை. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால், சேர்ந்து நடக்க வழியில்லாமல் போய்விட்டது.

தலைமைப் பயிற்சியாளர் வெளியேறினார்

எல்லாவற்றையும்விட வலி மிகுந்த பிரிவு கொய்ச்சி தோஹேயின் பிரிவு. இளமையில் நுரையீரல் உறை அழற்சியால் துவண்ட இவர், தியானத்தாலும் மூச்சுப் பயிற்சியாலும் மீண்டு வந்தவர். 1953-ல் ஹவாய்க்குச் சென்று ஐக்கிடோவை அமெரிக்க மண்ணில் ஊன்றியவரும் இவரே. தலைமையகத்தின் தலைமைப் பயிற்சியாளராகவும், 10-ஆவது டான் பெற்றவராகவும் உயர்ந்தார்.

1969-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி உயேஷிபா மறைந்தார். அவர் மகன் கிஷ்ஷோமாரு தலைமைப் பொறுப்பை ஏற்றார். உடல் நுட்பங்களைவிட 'கி' எனப்படும் உயிராற்றலே கலையின் அடிப்படை என்று தோஹேய் வலியுறுத்தினார். தலைமையகம் அந்த அளவுக்குப் போக விரும்பவில்லை. 1971-ல் 'கி' பயிற்சிக்கென்றே தனிச் சங்கம் அமைத்த தோஹேய், 1974-ல் ஒரேயடியாக வெளியேறினார். உலகெங்கும் அவரால் கூடம் தொடங்கியவர்கள் திகைத்து நின்றார்கள். தங்களுக்குக் கலையைத் தந்தவர் பக்கம் நிற்பதா, கலை பிறந்த வீட்டின் பக்கம் நிற்பதா? பல ஊர்களில் ஒன்றாக வியர்வை சிந்திய நண்பர்கள் இரு அணிகளாகப் பிரிந்தார்கள்.

இங்கே மகன் கிஷ்ஷோமாருவின் பங்கையும் மறந்துவிடக் கூடாது. போருக்குப் பின் வீடிழந்த குடும்பங்கள் தங்கியிருந்த கூடத்தை, அலுவலக வேலை பார்த்துக்கொண்டே காப்பாற்றியவர் அவர். அழகாகவும் எளிதாகவும் எல்லாரும் கற்கும்படி கலையை ஒழுங்குபடுத்தினார். அதனால்தான் இன்று 'ஐக்கிக்காய்' என்ற அந்தத் தலைமை அமைப்பின் வழியே உலகில் மிகப் பரவலாக இருக்கிறது.

கிராமத்தில் தங்கியவர்

தோக்கியோவில் இவ்வளவும் நடக்க, ஒருவர் மட்டும் இவாமா கிராமத்தைவிட்டு நகரவில்லை. 1942-ல் உயேஷிபா நகரத்தைத் துறந்து, உழவும் வழிபாடுமாக வாழச் சென்ற கிராமம் அது. 1946-ல் 18 வயதில் அங்கே வந்த மொரிஹிரோ சாய்த்தோ, ரயில்வே ஊழியர். வேலை இல்லாத நாளெல்லாம் ஆசானின் வயலில் உழைத்தார். அவரிடம் வாளும் கம்பும் பயின்றார். 23 ஆண்டுகள், ஆசானின் இறுதி மூச்சு வரை உடனிருந்தார்.

சாய்த்தோ கற்பித்த முறை தலைமையகத்தின் முறையிலிருந்து வேறுபட்டதால், அது அவரே உருவாக்கியதோ என்று சிலர் சந்தேகித்தார்கள். 1981-ல் ஸ்டான்லி பிரானின் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1938-ல் உயேஷிபா வெளியிட்ட பயிற்சி நூல் ஒன்றைக் கண்டெடுத்து சாய்த்தோவிடம் காட்டினார். தாம் கற்பித்து வந்தவை அந்தப் பழைய படங்களில் அப்படியே இருப்பதைக் கண்டு சாய்த்தோ பூரித்துப்போனார். பிறகு அந்த நூலைப் பயிற்சி முகாம்களுக்கெல்லாம் எடுத்துச் சென்று காட்டினார். 2002-ல் அவர் மறையும்வரை தலைமையகத்தைவிட்டு அவர் விலகவில்லை. ஆனால், 2004-ல் அவர் மகன் தனி வழி கண்டார்.

எது உண்மை?

உயேஷிபா பாடத்திட்டம் வகுத்துக் கற்பித்தவர் அல்லர். செய்து காட்டுவார், தெய்வக் கதைகள் சொல்வார், விளக்கம் தரமாட்டார். 50 வயது உயேஷிபா வேறு, 80 வயது உயேஷிபா வேறு. ஷியோடா கண்டது வேகம் மிக்க வீரரை. தோமிக்கி கண்டது ஆராயத் தக்க நுட்பத்தை. தோஹேய் கண்டது உயிராற்றலை. சாய்த்தோ கண்டது வயலில் நிற்கும் முதியவரை. எவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்டதை அவரவர் காப்பாற்றினார்கள்.

எதிராளியின் விசையோடு மோதாமல் அதனுடன் இணைந்து திருப்புவதே ஐக்கிடோவின் முதல் பாடம். பயிற்சிக் கூடத்தில் அதை அற்புதமாகச் செய்து காட்டியவர்களுக்கு, சக சீடரின் மாற்றுக் கருத்தோடு இணைந்து போவது கைகூடவில்லை. கலையின் பெயரிலேயே இணைதல் என்ற சொல் இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் கடினமான பாடம் என்பதையே இந்த ஆசான்களின் வரலாறு சொல்கிறது.