தேரைச் சந்தில் பிறந்த கேஷ்பேக்

வட இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கத்துக்காரர்கள் எழுதிவைத்த பால்ய நினைவுகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது ஞாபகம் இருக்காது. ஆனால் சின்ன வயதில் அம்மா அரை ராத்தல் வெண்ணெய் வாங்கிவரச் சொல்லிக் கடைக்கு விரட்டியபோது கவுண்டரில் ஒப்பித்த எண் மட்டும் அப்படியே நாக்கு நுனியில் நிற்கும். அது அம்மாவின் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண். 'டிவ்வி நம்பர்' என்பார்கள். எண்ணை மறந்துவிட்டு வெண்ணெயோடு மட்டும் வீடு திரும்பிய பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நம் ஊர் அம்மாக்களை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று விடுமுறைக்கு ஓட்டல் அறை போடும்போது 'இத்தனை சதவீதம் கேஷ்பேக்' என்று கண் சிமிட்டுகிறதே, அதன் பாட்டிக்குப் பாட்டி இந்த டிவ்விதான். டிவிடெண்ட் என்ற சொல்லைச் சுருக்கிச் செல்லமாக வைத்த பெயர்.

பிறந்த ஊர் ராச்டேல். தெருவின் பெயர் டோட் லேன், அதாவது தேரைச் சந்து. உண்மையில் தேரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'பழைய சந்து' என்பதை அந்த வட்டார உச்சரிப்பில் இழுத்துச் சொல்லிச் சொல்லி அப்படி ஆகிவிட்டது என்கிறார்கள். அங்கே 31-ஆம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 1844 டிசம்பர் 21 அன்று ஒரு மளிகைக் கடை திறந்தது. திறந்தவர்கள் ஃபிளானல் நெசவாளிகளும் வேறு சில தொழிலாளிகளும். 28 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வாரத்துக்கு 2 பென்ஸ் வீதம் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுண்டு தேற்றி, 28 பவுண்டு முதல் போட்டார்கள். முதல் நாள் கடையில் இருந்த சரக்கு: வெண்ணெய் 28 ராத்தல், சர்க்கரை 56 ராத்தல், 300 கிலோ அளவுக்குக் கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. அவ்வளவுதான். நம் தெருமுனைப் பெட்டிக்கடையில் இதைவிட ரகங்கள் அதிகம்.

அந்தக் காலத்து ஆலை ஊர்களில் தொழிலாளி ஜீவனம் பற்று நோட்டில் நடந்தது. கடனுக்குக் கொடுக்கும் கடைக்காரர் மாவில் சுண்ணாம்பையும் படிகாரத்தையும் கலந்தாலும் கேட்க முடியாது. கேட்டால் பழைய பாக்கியை எடுத்து வை என்பார். ராச்டேல்காரர்கள் இரண்டு விதி போட்டார்கள். கலப்படம் கிடையாது, கடனும் கிடையாது. அதே ஊரில் பத்தாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கூட்டுறவுக் கடை, கடன் கொடுத்தே மூழ்கியிருந்தது.

ஆனால் அவர்களுடைய சாமர்த்தியம் மூன்றாவது விதியில் இருந்தது. ஊர் விலைக்கே விற்பது, விலையைக் குறைப்பதில்லை. காலாண்டு முடிந்ததும் செலவு போக மிஞ்சியதை, யார் எவ்வளவுக்கு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் அவரவரிடமே திருப்பித் தருவது. பங்கு வைத்திருப்பவனுக்கு லாபம் என்பது அதுவரை உலக வழக்கம். வாங்கியவளுக்கு லாபம் என்பது அபூர்வம். இந்த யோசனையைச் சொன்னவர் சார்லஸ் ஹோவார்த் என்ற ஆலைத் தொழிலாளி என்பார்கள். நன்றாக நடந்த சங்கங்களில் பவுண்டுக்கு 2 ஷில்லிங், அதாவது நூற்றுக்குப் பத்து, திரும்பக் கிடைத்த காலம் உண்டு.

நம் ஊர்க் கொசுறை இதோடு வைத்துப் பார்க்கலாம். கீரைக்காரம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போடுகிறாள். அது அவள் மனசு. நாளைக்குப் போடாவிட்டால் சண்டை பிடிக்க முடியாது. டிவ்வி அப்படியில்லை. அது கணக்கில் ஏறிய பணம், கேட்டு வாங்கும் உரிமை. ஆனால் ஒன்று, கொசுறு அப்போதே கைக்கு வந்துவிடும், டிவ்விக்குக் காத்திருக்க வேண்டும். கேஷ்பேக்கின் மொத்தக் கதையும் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. காத்திருக்கும் மாதங்களில் பணம் யார் கையில் இருக்கிறது, அந்த மாதங்களில் யார் மறந்துபோகிறார்கள் என்பதைப் பொறுத்து இது ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு முகம் காட்டியது.

ராச்டேலில் காத்திருந்தது குடும்பத்துக்கு நல்லதாகவே முடிந்தது. டிவ்வி நாளில் பிள்ளைகளுக்குச் செருப்பு, குளிருக்குக் கோட்டு. எடுக்காமல் சங்கத்திலேயே விட்டுவைத்தால் சேமிப்பாக வளரும். இதே ஊர்களில்தான் 'வேக்ஸ்' வாரம் என்று ஒன்று இருந்தது. கோடையில் ஊருக்கு ஒரு வாரமாக முறை வைத்து ஆலைகளை மூடுவார்கள். புகைபோக்கிகள் ஓய்ந்ததும் ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்தோடு விடுமுறை என்பதற்கான சட்டம் 1938-ல்தான் வந்தது. அதனால் ஓல்டம் போன்ற ஊர்களில் விடுமுறைக்கென்றே சீட்டுப் போல வாராவாரம் பணம் கட்டிவந்தார்கள். அந்த ஏழு நாளுக்கு மீதி ஐம்பத்தோரு வாரமும் சில்லறை சேர்த்த ஜனங்கள் அவர்கள்.

(கூட்டுறவு நெருப்பில் ஒரு பொறி நம் பக்கமும் விழுந்தது. 1904-ல் சென்னை திருவல்லிக்கேணியில் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம், டி.யு.சி.எஸ்., ராச்டேலைப் பார்த்து எழுந்ததுதான்.)

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அமெரிக்காவில் 1896-ல் ஸ்பெரி, ஹட்சின்சன் என்ற இருவர் 'எஸ் அண்ட் எச்' பச்சை ஸ்டாம்புகளைக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்து பிரிட்டனில் ரிச்சர்ட் டாம்ப்கின்ஸ் என்பவர் 1958-ல் 'கிரீன் ஷீல்டு' ஸ்டாம்பு தொடங்கினார். 6 பென்ஸுக்கு வாங்கினால் ஒரு ஸ்டாம்பு. எச்சில் தொட்டுப் புத்தகத்தில் ஒட்டி, நிரம்பியதும் சாமானாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு புத்தகம் நிரம்ப 1,280 ஸ்டாம்பு. கணக்குப் போட்டால் 32 பவுண்டுக்குச் சாமான் வாங்கியிருக்க வேண்டும். 1963-ல் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டுகள் இதில் சேர்ந்ததும் பிரிட்டனின் பாதிச் சமையலறைகளில் பசை நாற்றம்தான் அடித்திருக்கும்.

வெளிப் பார்வைக்கு டிவ்வி மாதிரியே இருந்தாலும் உள்ளே எல்லாம் மாறிவிட்டது. சங்கத்தில் மிச்சப் பணம் உறுப்பினருடையது. இங்கே ஸ்டாம்பு கம்பெனியிடமிருந்து கடைக்காரர் காசு கொடுத்து ஸ்டாம்பை வாங்குகிறார். அந்தக் காசைச் சாமான் விலையில்தான் எடுக்கிறார். அலமாரி இழுப்பறையில் பாதி நிரம்பிக் கிடக்கும் புத்தகமோ கம்பெனிக்கு லாபம். ஒவ்வொரு ஸ்டாம்பிலும் அதன் பண மதிப்பை அச்சிட வேண்டும், கேட்டால் ரொக்கமாகவும் தரவேண்டும் என்று பிரிட்டன் 1964-ல் தனிச் சட்டமே போட்டது. 1977-ல் டெஸ்கோ ஸ்டாம்பைத் தூக்கிப்போட்டு விலையைக் குறைத்தது. அதற்குள் டாம்ப்கின்ஸ் சாமான் மாற்றித்தரும் தன் கடைகளை 1973 முதலே ஆர்கோஸ் என்று பெயர் மாற்ற ஆரம்பித்திருந்தார்.

கேஷ்பேக் என்ற பெயர் ஊர் வாயில் ஏறியதற்கு முக்கியக் காரணம் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம். 1986-ல் அது டிஸ்கவர் கிரெடிட் கார்டை வெளியிட்டது. 'கேஷ்பேக் போனஸ்' என்று செலவழித்ததில் ஒரு சதவீதம் வரை திருப்பித் தந்தது. கார்டு தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணத்தில் ஒரு கிள்ளல் அது.

மக்கள் மறப்பார்கள் என்று போட்ட கணக்கு ஒரு தடவை முதுகை முறித்தது. அதுவும் விடுமுறை விஷயத்தில். 1992-ல் பிரிட்டனில் வாக்குவம் கிளீனர் விற்கும் ஹூவர் நிறுவனம், 100 பவுண்டுக்கு மேல் எங்கள் பொருள் வாங்கினால் ஐரோப்பாவுக்குப் போகவர இரண்டு விமான டிக்கெட் இலவசம் என்றது. சில மாதத்தில் அமெரிக்காவுக்கும் என்றது. விண்ணப்பப் படிவங்களை நிரப்பி, கெடு தேதிக்குள் திருப்பி அனுப்பி, மறுபடி நிரப்பி ஜனங்கள் சலித்துப்போவார்கள், போகிறவர்களும் ஓட்டல், வாடகைக் கார், காப்பீடு என்று வாங்குவார்கள், அந்தக் கமிஷனில் ஈடுகட்டிவிடலாம் என்பது எண்ணம். ஜனங்கள் சலிக்கவே இல்லை. வீட்டில் ஏற்கெனவே வாக்குவம் கிளீனர் இருந்தவர்களும் டிக்கெட்டுக்காக இன்னொன்று வாங்கினார்கள். சுமார் 5 கோடி பவுண்டு நஷ்டம். வழக்குகள் 1998 வரை இழுத்தன. தாய் நிறுவனமான மேடேக், ஐரோப்பிய ஹூவரை 1995-ல் இத்தாலியின் கேண்டிக்கு விற்றுவிட்டு வெளியேறியது. மாவுக்கும் வெண்ணெய்க்கும் வரவேண்டிய சில்லறையை மறக்கிற குடும்பம், பிள்ளைகளோடு விமானம் ஏறுவதை மறக்காது என்பதை அந்தக் கணக்குப்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

இணையத்துக் கேஷ்பேக்கின் விதை 1996-ல் அமேசான் ஆரம்பித்த கூட்டாளித் திட்டம் போன்றவற்றில் இருக்கிறது. வாடிக்கையாளரை அனுப்பிவைக்கிற தளத்துக்குத் தரகு. அந்தத் தரகில் ஒரு பங்கை வாங்குபவருக்கே கொடுத்தால் என்ன என்று யோசித்தவர்கள் இசோலானி, வாசர்மன் என்ற இரு முன்னாள் அரசு வழக்கறிஞர்கள். 1998-ல் கலிபோர்னியாவில் ஈபேட்ஸ் பிறந்தது. 2014-ல் ஜப்பானின் ராகுட்டன் 100 கோடி டாலருக்கு அதை வாங்கியது. பிரிட்டனில் 2005-ல் க்விட்கோ, டாப்கேஷ்பேக் இரண்டும் வந்தன. க்விட்கோ ஆரம்பத்தில் வருஷத்துக்கு 5 பவுண்டு மட்டும் எடுத்துக்கொண்டு தரகு முழுவதையும் உறுப்பினருக்கே தந்தது. ராச்டேல் வாடை கொஞ்சம் அடிக்கத்தான் செய்தது. பிரிட்டனில் இதே தொழிலை நடத்திப் பார்த்த சுவாதி பார்கவா, ரோகன் பார்கவா தம்பதி 2013-ல் இந்தியாவுக்கு கேஷ்கரோவைக் கொண்டுவந்தார்கள்.

விமான டிக்கெட்டுக்குச் சொற்பமும் ஓட்டல் அறைக்குத் தாராளமும் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. விமான நிறுவனங்கள் 1995-லேயே முகவர் கமிஷனை வெட்டத் தொடங்கிவிட்டன. முதலில் கை வைத்த டெல்டா, 2002-ல் அமெரிக்காவில் அடிப்படைக் கமிஷனையே நிறுத்தியது. இல்லாத பானையிலிருந்து என்னத்தை அள்ளுவது? ஓட்டல்களோ முன்பதிவுத் தளங்களுக்கு நூற்றுக்கு 15 வாக்கில் இன்றும் கொடுக்கின்றன. அதில் ஒரு பங்கு கேஷ்பேக் தளத்துக்கு, அதில் ஒரு பங்கு நமக்கு. விருந்தாளி வந்து தங்கிப் போன பிறகுதான் ஓட்டல் கமிஷன் நிச்சயமாகும்; ஆகவே ஜனவரியில் போட்ட மே மாத அறைக்கு மழைக்காலத்தில் பணம் வரும்.

வந்தால். போன வருஷம் கொடைக்கானலுக்கு மூன்று ராத்திரி அறை போட்டேன். கேஷ்பேக் தளத்தின் வழியே உள்ளே போய், தேதி எல்லாம் தேர்ந்தெடுத்து, கடைசியில் 'ஆப்பில் கட்டினால் 200 ரூபாய் குறைவு' என்று செல்போனில் மணி அடித்தது. அங்கே கட்டினேன். ஆறு மாதம் 'பெண்டிங்' என்று காட்டியது, பிறகு 'நிராகரிக்கப்பட்டது'. வாசலில் அழைத்துவந்த தரகரை விட்டுவிட்டுக் கொல்லைப்புறம் வழியாக ஏறினால் தரகுச் சீட்டில் யார் பேர் இருக்கும்? வெளியில் பொறுக்கிய கூப்பன் எண்ணைப் போட்டாலும், நடுவில் வேறொரு விலை ஒப்பீட்டுத் தளத்தை எட்டிப்பார்த்துவிட்டு வந்தாலும் இதே கதிதான். கடைசியாக யார் சொடுக்கில் வந்தோமோ அவர் பேரில் பொதுவாக வரவு. 200 ரூபாய் மிச்சம் பிடித்து 900 ரூபாயை விட்டவன் நான்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. 6 சதவீதம் திருப்பித்தரும் தளத்தில் அறை வாடகையே பக்கத்துத் தளத்தைவிட 8 சதவீதம் கூடுதலாக இருக்கும். ஓட்டலுக்கே போன் போட்டுக் கேட்டால் காலைச் சாப்பாட்டையும் சேர்த்துத் தருகிறேன் என்பார்கள். அப்புறம் எதற்கு இந்தச் சுற்று?

என் மனைவி இதற்கெல்லாம் ஒரே வழி கண்டுபிடித்தாள். பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, தளம், தொகை, எப்போது வரவேண்டும் என்று நாலு கட்டம் போட்டிருக்கிறாள். இந்த வருஷம் மூணாறுக்குப் போட்ட அறைக்கு அக்டோபர் என்று எழுதியிருக்கிறது. நவம்பர் பிறந்துவிட்டது, நேற்று பால் பாக்கி எழுதும்போது பார்த்தேன், அந்த வரிக்கு நேரே இன்னும் டிக் விழவில்லை, சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாள்.