பணிவிபத்து இழப்பீடு (கொல்லிமலை)

பணிவிபத்து இழப்பீடு: வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேரும் விபத்தால் தொழிலாளி காயமுற்றாலோ இறந்தாலோ முதலாளி தரவேண்டிய தொகை. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் காப்பித் தோட்ட வேலைக்கும், மரம் வெட்டும் வேலைக்கும் இவ்வுரிமை உண்டு. ஒப்பந்தக்காரர் வழி வந்தவருக்கும் இது பொருந்தும்.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020இன் ஏழாம் அத்தியாயத்தில் தொடர்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதெனில், கணக்கில் சேரும். தோட்ட நிர்வாகம் தந்த குடியிருப்பு இடிந்து நேரும் சாவுக்கும் காயத்துக்கும் இழப்பீடு உண்டு. குடியிருப்பவரின் தவறோ இயற்கைப் பேரிடரோ மட்டுமே காரணமானால் கிடையாது.

மூன்று நாளுக்கு மேல் வேலைத்திறனைப் பாதிக்காத காயத்துக்கு இழப்பீடு இல்லை. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல் ஆகியவற்றால் வந்த காயமும் விலக்கப்படும். ஆனால் சாவோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் இவ்விலக்கு செல்லாது.

இறப்புக்கு மாத ஊதியத்தில் 50 விழுக்காடும், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 விழுக்காடும் வயதுக்கேற்ற காரணியால் பெருக்கப்படும். இரண்டு ஆண்டுகளுக்குள் உரிய அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும்.