அனுமதி கொடுப்பவரை யார் ஆய்வு செய்வது?



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "ஐயா, மகளைச் சார்ட்டர் பள்ளியில் சேர்க்கலாமா?" அதற்காகப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடப்பது, கட்டணம் கிடையாது. ஆனால் அந்தந்த ஊர்க் கல்வி வாரியத்தின் அன்றாட நிர்வாகத்துக்கு வெளியே, ஒப்பந்தத்தின் பேரில் நடக்கும். அந்த ஒப்பந்தம்தான் 'சார்ட்டர்'.

1988-இல் இந்த யோசனையை நாடறியச் செய்தவர் ஆல்பர்ட் ஷாங்கர். அவர் முதலாளி அல்ல, ஆசிரியர் சங்கத் தலைவர்! வழக்கமான வகுப்பறையில் தேறாத பிள்ளைகளுக்கு ஆசிரியர்களே புதுவழி தேடட்டும் என்றார். தனியார் நிறுவனங்கள் உள்ளே வந்ததும் அவரே இதைக் கடுமையாக விமர்சித்தார்.

1991-இல் மின்னசோட்டா முதல் சட்டம் போட்டது. அப்போது 8 பள்ளிகளுக்கு மட்டுமே இடம். முதல் பள்ளி 1992-இல் செயின்ட் பால் நகரில், படிப்பை விட்ட பிள்ளைகளுக்காகத் திறந்தது. இன்று நாடு முழுவதும் 7,000-க்கும் மேல்.

அனுமதி எப்படி? பாடத்திட்டம், வரவு செலவு, நிர்வாகக் குழு எல்லாம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி தரும் அமைப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கல்வி வாரியம், பல்கலைக்கழகம், சில இடங்களில் தொண்டு நிறுவனம். மாசசூசெட்ஸில் மாநில வாரியம் மட்டுமே தரும். 5 ஆண்டுக்கு ஒருமுறை தேர்ச்சி, கணக்கு, நிர்வாகம் பார்த்துப் புதுப்பிக்கும். தேறாவிட்டால் மூடலாம்.

ஏட்டில் சரிதான். ஆனால் ஒஹாயோவில், அனுமதி தரும் அமைப்பு பள்ளிக்கு வரும் அரசுப் பணத்தில் 3 சதவீதம் வரை கட்டணம் வாங்கலாம். பள்ளியை மூடினால் அந்த வருமானமும் போய்விடும். அங்கே ஒரு பெரிய இணையவழிப் பள்ளி, படிக்காத பிள்ளைகளுக்கும் பணம் வாங்கியதாக அரசு கண்டறிந்தது. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில் பள்ளி மூடப்பட்டது. சுமார் 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேடினார்கள்.

2009-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு, கணிதத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள் பக்கத்து அரசுப் பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் கீழ் என்றது. 2013-இல் நிலைமை தேறியிருந்தது. மோசமான பள்ளிகள் மூடப்பட்டதும் ஒரு காரணம். மின்னசோட்டாவும் 2009-இல் பாடம் கற்றது: அனுமதி தரும் அமைப்பே இனி மாநிலக் கல்வி ஆணையரின் அனுமதி பெற வேண்டும்.

நான் பணியில் இருந்தபோது ஆய்வு நாளன்று சுவரில் புது சார்ட் தொங்கும், பதிவேடு பளிச்சென்று இருக்கும். மறுநாள் எல்லாம் பழையபடி. அதிகாரி வந்தார் என்பதும் ஆய்வு நடந்தது என்பதும் ஒன்றல்ல.

மாணவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, கட்டடத்தைப் பார்க்காதே. ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, போன முறை புதுப்பிக்கும்போது என்ன எழுதினார்கள், அனுமதி கொடுத்தவர் யார், இந்த மூன்றையும் கேள்."

நம் ஊரில் பிள்ளையைச் சேர்க்கும்போதும் இதே போலக் கேட்கிறோமா, நண்பர்களே?