தொட்டிலும் பட்டாவும்

தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து பாருங்கள். சின்னமனூர், உத்தமபாளையம் என்று வழியெல்லாம் பச்சை! மேற்கே ஓடிய தண்ணீரை முல்லைப் பெரியாறு அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895-ல் இந்தப் பக்கம் திருப்பியதன் புண்ணியம் அது. பள்ளத்தாக்கில் இருபோக நிலம் மட்டும் 14,707 ஏக்கர். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். பட்டா?.. பெரும்பாலும் ஆண்கள் பேரில்தான்.

பூமிக்கு விலை ஏறினால் மகளுக்கும் மதிப்பு ஏறவேண்டும் இல்லையா? ஏறவில்லை. மகன் நிலத்தைக் காப்பான், மகள் நகையும் ரொக்கமுமாகக் கொண்டுபோய்விடுவாள் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு எதில் போய் முடிந்தது என்பது, 1986-ல் பக்கத்து உசிலம்பட்டி பற்றிப் பத்திரிகையில் வந்தபோது நாடே அதிர்ந்தது. பெண் சிசுக்கொலை!

1992-ல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-ல் தேனிக்கும் தொட்டில் வந்தது. 'கொல்லாதே, எங்களிடம் கொடுத்துவிடு' என்பதுதான் அதன் பொருள். பல உயிர்கள் பிழைத்தன. ஆனால், 'பொம்பளைப் புள்ளை ஏன் பாரம்?' என்ற கேள்விக்குத் தொட்டிலிடம் பதில் ஏது?

பதில் வேறு இடத்தில் இருந்தது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டமோ, பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்காளி ஆகும் உரிமையை மகனுக்கே விட்டுவைத்தது. 1989-ல் கருணாநிதி அரசு அதை மகளுக்கும் தந்தது. அதிலும் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது! 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேலியையும் எடுத்தது. மகளுக்கும் இது பிறப்புரிமையே என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது.

அப்போ, எல்லாம் சரியாயிடுச்சா? ஏதாவது ஒரு சார்பதிவாளர் ஆபீஸில் போய்ப் பாருங்கள். 'பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சிடும்' என்று பயந்து, அண்ணன் தம்பிகளுக்குத் தன் பங்கை எழுதிக்கொடுக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பேர் விடுதலைப் பத்திரம்!

சட்டத்தைத் திருத்த அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டு வழக்கத்தைத் திருத்துவது நம் கையில். உங்கள் வீட்டில் பாகப்பிரிவினை பேச்சு எழுந்தால், தங்கச்சியிடம் கையெழுத்து கேட்பதற்கு முன்னால், அவள் பங்கு எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள்.