புத்தளம்: ஒரு பெயரும் ஒரு கசப்பு நீரும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு புத்தளம் உண்டு. இலங்கையின் மேற்குக் கரையில் மற்றொன்று. இரண்டும் உப்பு விளையும் ஊர்கள். ‘புது + அளம்’ என இப்பெயரைப் பிரிப்பர். உப்பு விளையும் நிலத்தைக் குறிக்கும் ‘அளம்’, தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். திருவனந்தபுரத்துக்குத் தெற்கேயுள்ள கோவளத்தையும் ‘கோ + அளம்’ என்பாருண்டு. தென்னந்தோப்போடு இணைப்பாரும் உண்டு.

புத்தளம், தாமரைகுளம் அளங்கள் 1956 நவம்பர் 1 வரை இத்தலைநகரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. உப்பு அன்று அரசின் தனியுரிமை. 1865ஆம் ஆண்டு வணிக உடன்பாட்டில், பிரிட்டிஷ் இந்தியாவின் உப்பு விலையையே ஏற்கத் திருவிதாங்கூர் இசைந்தது. விலையை அரசுகள் முடிவு செய்தன. உப்பு எப்போது விளையும் என்பதை மட்டும் பாத்தியில் நின்றவரே அறிந்திருந்தார்.

அவ்வறிவு எளிதன்று. கடல்நீர் வற்றும்போது உப்புகள் ஒருசேரப் படிவதில்லை. முதலில் சுண்ணம், பின்பு ஜிப்சம். ஏறத்தாழ 25 போமே அடர்த்தியில் சோடியம் குளோரைடு. 29, 30 போமேயைத் தாண்டவிட்டால் மக்னீசியம் கலந்து உப்பு கசக்கும். ஆகவே எஞ்சிய நீரை வெளியேற்றுவர். பொட்டாசியம் குளோரைடு அந்நீரிலேயே தங்கிவிடுகிறது.

ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட்டில் கல்லுப்பு தேடித் தோண்டியோர், மேலடுக்கிலிருந்த பொட்டாசிய உப்புகளை முதலில் கழிவென்றே ஒதுக்கினர். 1861இல் அங்கே பொட்டாஷ் ஆலை எழுந்தது. அப்படிவுகள் எவ்வரிசையில் உருவாயின என்பதை வான்ட் ஹாஃப் 1896 முதல் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். சோடியம் குளோரைடின் கரைதிறன் வெப்பத்தால் அதிகம் மாறுவதில்லை: 100 கிராம் நீரில் 0 பாகையில் சுமார் 36 கிராம், 100 பாகையில் 39. பொட்டாசியம் குளோரைடோ 28இலிருந்து 56 ஆகிறது. எனவே இரண்டும் நிறைந்த கொதிகரைசலைக் குளிர்வித்தால் பொட்டாசியமே படிகமாகும். சோடியம் பெரும்பாலும் கரைசலில் நிற்கும்.

பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா இன்றும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. பாவ்நகரில் 1954இல் தொடங்கிய மத்திய உப்பு ஆய்வு நிறுவனம், கசப்பு நீரிலிருந்து பொட்டாசிய உரம் பெறும் வழியை வகுத்துள்ளது. ஆய்வகத்தின் சொற்கள் ஏடுகளில் நிலைக்கும். நீரின் நிறத்தையும் நாவின் சுவையையும் கொண்டு அதே எல்லைகளைக் கண்டவரின் சொற்கள் அவருடனேயே மறையும்.

உங்கள் இல்லத்தில் அளத்தில் உழைத்த முதியோர் இருப்பின், ஒவ்வொரு நிலையிலும் அந்நீரை எவ்வாறு அழைத்தார்கள் என்று கேட்டு இங்கே எழுதுங்கள்.