வாழ்த்து அட்டையில் ஒரு நாட்டு நாய்

இந்த முறை கொஞ்சம் சரித்திரம். ராஜாக்கள் படையெடுப்பு எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். ஒரே ஒரு எருமைச் சண்டை மட்டும் கடைசியில் வரும்.

பிறந்தநாளுக்குக் கையால் அட்டை செய்து கொடுப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். காசு இல்லாதவன் செய்வது என்று நினைக்கிறவர்களும் உண்டு. உண்மையில் கைவேலைதான் மூத்தது, அச்சு அதற்குப் பின்னால் வந்தது. அச்சு வந்ததற்குக் காரணம்கூட சோம்பேறித்தனம்தான். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவிய நண்பரிடம் ஒரு படம் வரையச் சொல்லி ஆயிரம் பிரதி அச்சடித்தார். மிச்சத்தை ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். அப்போது கடிதம் அனுப்ப ஒரு பென்னி, ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. தபால் செலவைப் போலப் பன்னிரண்டு மடங்கு அட்டையின் விலை! (காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது.)

எனக்கு இதைவிடப் பிடித்தது அமெரிக்காவின் எஸ்தர் ஹவ்லண்ட் கதை. 1840-களின் கடைசியில் காதலர் தின அட்டைகளைக் கையால் செய்யத் தொடங்கிய பெண். ஊர் ஊராய் வியாபாரத்துக்குப் போன அண்ணனிடம் மாதிரி அட்டைகளைக் கொடுத்து அனுப்பினார். அவர் திரும்பி வந்தபோது கையில் ஐயாயிரம் டாலர் ஆர்டர் இருந்ததாம். தோழிகளைச் சுற்றி உட்கார வைத்து, ஒருத்தி பூ வெட்ட, இன்னொருத்தி ஜரிகைக் காகிதம் ஒட்ட, வரிசையாக வேலை நடந்திருக்கிறது. ஃபோர்டு கார் தொழிற்சாலையில் நகரும் வரிசை வந்தது 1913-இல்தான். வேலைப் பகுப்பு என்று நம் பாடத்தில் வரும்போது ஏன் ஊசித் தொழிற்சாலையையே சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

இங்கே நம்மூர்க் கதைக்குத் தீப்பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். காத்திவாக்கம் ஸ்டேஷனுக்கு முந்தின ஸ்டேஷன் விம்கோ நகர். தினமும் அதைத் தாண்டிப் போகிறோம், அது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. சுவீடன்காரர்கள் 1923-இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம்தான் விம்கோ. அதே 1920-களில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்குக் கலர் அச்சு வேண்டும். அப்படி வளர்ந்த அச்சகங்களிலிருந்துதான் காலண்டரும், பொங்கல் வாழ்த்தும் ஊரெங்கும் போயின. ரஜினி, கமல், பிள்ளையார், கரும்பு, பசு என்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு விற்ற அட்டைகள் நம் அண்ணன்மார்களுக்கு நன்றாக நினைவிருக்கும். செல்போன் குறுஞ்செய்தி வந்ததும் அந்தக் கயிறு இறங்கிவிட்டது.

நாய்க்குட்டிப் படம் போட்ட அட்டைகளும் உண்டு. பெரும்பாலும் பொமரேனியன், இல்லாவிட்டால் லாப்ரடார். வேடிக்கை என்னவென்றால், சிவகாசியும் ராஜபாளையமும் ஒரே விருதுநகர் மாவட்டம். வெள்ளை உடம்பும் ரோஸ் நிற மூக்குமாக ஒரு நாட்டு நாய் பக்கத்து ஊரிலேயே நிற்க, சீமை நாய்தான் அட்டைக்குப் போயிருக்கிறது. ராஜபாளையத்துக்கு மரியாதை கொடுத்தது தபால்துறைதான். 2005 ஜனவரியில் இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர் நாய், முதோள் நாய் ஆகியவற்றோடு ராஜபாளையத்துக்கும் தபால்தலை வெளியிட்டார்கள். சிப்பிப்பாறைக்கும் கோம்பைக்கும் அதில் இடமில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

தெருநாய்க்கு எந்த வரிசையிலும் இடமில்லை. என் தோழி ஒருத்தி பிரச்சினையும் அதுதான். காத்திவாக்கத்தில் அவள் தெருவில் இருக்கிற ஐந்து நாய்களுக்கும் பெயர் வைத்தது அவள். அதில் செவலை என்பது கிழடு. ஒரு காது கிழிந்தது, பின்னங்கால் இழுத்து இழுத்து நடக்கும். அவளுடைய அடுத்த பிறந்தநாளுக்கு அது இருக்குமா என்று அவளே கேட்க ஆரம்பித்துவிட்டாள். லாப்ரடார் அட்டையை அவளிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், ஆனால் சிரிக்க மாட்டாள்.

இப்போது எருமைச் சண்டை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு வைத்த கல். வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்றும் கல்வெட்டு சொல்கிறது. என்ன இனம், என்ன விலை என்றெல்லாம் இல்லை. பெயரும் அது செய்த வேலையும் மட்டும். சுமார் 1,400 வருஷம் கழித்தும் நாம் அந்த நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது!

அட்டைக்கு எனக்கு வேண்டிய யோசனை அங்கேதான் கிடைத்தது. சார்ட் பேப்பரை நான்காக மடித்து, பழுப்புக் காகிதத்தில் செவலையை வெட்டி ஒட்டியிருக்கிறேன், கிழிந்த காதோடு. கால்தடம் எடுக்க மை வேண்டாம், நக்கிவிடும். பீட்ரூட் சாறு போதும், ஒரு பாக்கெட் பிஸ்கெட் காட்டினால் காலைக் கொடுத்துவிடுகிறது. உள்ளே நீளமான வாழ்த்து எதுவும் எழுதவில்லை. நடுகல்லில் இருக்கிற மாதிரி, செவலை என்னும் நாய் இந்தத் தெருவில் இன்னாரின் வாசலைக் காத்திருந்தது என்று ஒரே வரி, கீழே தேதி.