அண்ட் தென் தேர் வேர் நன்

அகதா கிறிஸ்டி (1890–1976) எழுதிய ஆங்கில மர்ம நாவல். 1939 நவம்பரில் லண்டனில் வெளிவந்தது. ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேர் இங்கிலாந்தின் டெவன் கரையோரத் தீவொன்றில் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகச் சாவதுதான் கதை. இதுவரை பத்துக் கோடிப் பிரதிகள் விற்றிருக்கும் என்பது பரவலான மதிப்பீடு. பிரிட்டனில் முதலில் வைத்த தலைப்பில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. 1940-இல் வந்த அமெரிக்கப் பதிப்பு அதைக் கைவிட்டு இன்றைய பெயரைச் சூட்டிக்கொண்டது. பிரிட்டன் மனம் மாற 1980-கள் வரை ஆனது, மன்னிக்க முடியாத தாமதம்.

கதைக்களத்துக்கு முன்மாதிரி டெவனிலுள்ள பர் தீவு. ஓதம் வடிந்தால் மணலில் நடந்தே போய்விடலாம். ஏறினால் நடந்து போகும் வழி அறுந்துவிடும். ஆட்களை ஓரிடத்தில் அடைத்துவைத்துக் கதை சொல்வது கிறிஸ்டிக்குப் புதிதல்ல. 1934-இல் வந்த ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ பனியில் சிக்கிய ரயிலுக்குள் நடக்கிறது. ஆனால் அங்கே கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோ இருக்கிறார். தீவில் அப்படி யாரும் இல்லை. கொலையாளி தங்களில் ஒருவர்தான் என்று தெரிந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை நம்பவும் முடியாது, விட்டு விலகவும் முடியாது. நாவலின் பலமே இந்த நெருக்கடிதான்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கிராமபோன் தட்டிலிருந்து ஒரு குரல் எழுகிறது. பத்துப் பேரின் பெயரையும் சொல்லி, சட்டம் தொட முடியாத ஒரு சாவுக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு என்று குற்றம் சாட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் மார்ஸ்டன் என்ற இளைஞன் சயனைடு கலந்த விஸ்கியைக் குடித்துச் சாகிறான். சாப்பாட்டு மேசையில் பத்துப் பீங்கான் பொம்மைகள். ஒரு சாவுக்கு ஒரு பொம்மை காணாமல் போகிறது. அறையில் மாட்டியிருக்கும் குழந்தைப் பாட்டின் வரிசைப்படியே கொலைகள் நடக்கின்றன. கடைசியில் தீவில் ஒருவரும் உயிரோடில்லை. போலீஸ் திகைத்து நிற்க, கடலில் கிடைத்த பாட்டிலுக்குள்ளிருக்கும் கடிதம்தான் உண்மையைச் சொல்கிறது.

இந்த முடிவுதான் பின்னால் வந்தவர்களைத் தயங்க வைத்தது. தயங்கியவர்களில் முதல் ஆள் கிறிஸ்டியே. 1943-இல் நாவலை நாடகமாக்கியபோது, அந்தக் குழந்தைப் பாட்டுக்கு வழக்கிலிருந்த இன்னொரு முடிவை எடுத்துக்கொண்டு இருவரைப் பிழைக்க வைத்தார். மேடையில் எல்லோரும் செத்துவிட்டால் நடந்ததைச் சொல்ல ஆளில்லை என்ற சிக்கல் உண்மையானதுதான். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அத்தனை இருண்ட முடிவு வேண்டாம் என்றும் தோன்றியிருக்கலாம். ரெனே கிளேரின் 1945 திரைப்படம் நாடகத்தின் வழியில் போனது. கதையைப் பனிமலைக்குக் கொண்டுபோன 1965 படமும், ஈரான் பாலைவன ஓட்டலுக்கு மாற்றிய 1974 படமும் அதே தடத்தில் நடந்தன. 1965 படத்தில், கொலையாளி யாரென்று ரசிகர்கள் யோசிக்க ஒரு நிமிடம் படத்தையே நிறுத்திவைத்தார்கள்.

இந்தியாவில் இந்தக் கரு இரண்டு விதமாக மாறியது. 1965-இல் வந்த ‘கும்நாம்’ என்ற இந்திப் படத்தில் விமானப் பயணிகள் ஆளரவமற்ற இடத்தில் கைவிடப்படுகிறார்கள். பாட்டும் நகைச்சுவையும் கலந்த அந்தக் கதையில் நாயகனும் நாயகியும் தப்பிக்கிறார்கள். ‘அந்த நாள்’ படத்தை எடுத்த வீணை எஸ். பாலசந்தர் 1970-இல் ‘நடு இரவில்’ எடுத்தார். அதில் அந்நியர்களுக்குப் பதிலாகச் சொந்தக்காரர்கள். பணக்காரப் பெரியவரின் வீட்டில் கூடிய உறவுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. சொத்துத் தகராறைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த மாற்றம் இன்னும் கிட்டத்தில் வந்து பயமுறுத்துகிறது.

நாவலின் முடிவை மாற்றாமல் திரைக்குக் கொண்டுவந்த துணிச்சல் ஸ்டானிஸ்லாவ் கோவருகினுடையது. அவருடைய 1987 சோவியத் படத்தில் தப்பிப்பவர் யாருமில்லை. 2015 டிசம்பரில் பிபிசி ஒளிபரப்பிய மூன்று பகுதித் தொடரும் ஒருவரையும் பிழைக்க விடவில்லை.